மூன்றரைப் பட்டாபி

அந்தப் புத்தகத்தின் அறுபத்திரண்டு படங்களிலும் சீல் அடித்தது நான்தான். தெரியாமல் அடித்துவிட்டாள் என்று பிறகு எல்லோரும் எனக்காகப் பரிந்து பேசினார்கள். தெரிந்துதான் அடித்தேன். பக்கத்தைப் புரட்டுவது, கோடு குறைவாக இருக்கும் இடத்தைப் பார்ப்பது, சீலை மையில் ஒற்றுவது, அடிப்பது. என்ன படம் என்று மட்டும் பார்க்கவில்லை.

திருவனந்தபுரத்தில் ஓவியமும் கட்டடக்கலையும் சொல்லித்தரும் ஒரு கல்லூரியின் நூலகம் அது. என் கணவர் பட்டாபி அங்கே இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். தொண்ணூற்றாறு நவம்பரில் ஒரு காலை கரமனையில் பஸ் ஏறியவர், உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டார். பாளையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் கண்டக்டர் கவனித்தாராம். எட்டு மாதம் கழித்து அதே நூலகத்தில் எனக்கு வேலை வந்தது. 'கருணை அடிப்படையில்' என்று ஆர்டரிலேயே டைப் அடித்திருந்தது. யாருடைய கருணை என்று போடவில்லை.

நான் அழவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பதின்மூன்று நாளும் வீட்டுக்கு வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கல்லாட்டமா இருக்காளே" என்று என் நாத்தனார் விஜயம் சமையலறையில் சொன்னது கூடத்தில் இருந்த எனக்குக் கேட்டது. கேட்டும் கோபம் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தேன். தொட்டால், தொடுகிறார்கள் என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. சீல் அடிக்கிற வேலை. சாதாரணப் புத்தகம் என்றால் முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் ஒரு ரகசியப் பக்கம், அவ்வளவுதான். கலைப் புத்தகங்களுக்கு வேறு சட்டம். பையன்கள் பிளேடு வைத்துப் படத்தைக் கத்தரித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒவ்வொரு படத்திலும் அடிக்க வேண்டும். ஓரத்தில் அடித்தால் ஓரத்தை வெட்டிவிடுவார்கள். ஆகவே படத்தின் மேலேயே அடிக்க வேண்டும். எந்த நாட்டு ராணியாக இருந்தாலும் எங்கள் நூலகத்துக்கு வந்துவிட்டால் மார்பில் ஒரு ஊதா வட்டம் வாங்கிக்கொண்டுதான் அலமாரியில் ஏற முடியும். எத்தனை மாதா கோவில்கள், எத்தனை கோபுரங்கள், எத்தனை அம்மணச் சிலைகள். ஒன்றையும் நான் ஏறிட்டுப் பார்த்ததில்லை. கை பாட்டுக்கு அடிக்கும். நாள் போய்விடும்.

தொண்ணூற்றெட்டு ஜனவரி முதல் வாரத்தில், ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர் தன் புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்திருந்தார். நாற்பது இருக்கும். அட்டெண்டர் வேலாயுதன் அவற்றைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து என் மேஜையில் அடுக்கிவிட்டுப் போனார். அடுக்கின் மேலே கறுப்பு ரெக்ஸின் அட்டை போட்ட பெரிய ஆல்பம் ஒன்று இருந்தது. அட்டையில் பெயர் இல்லை. புதுப் புத்தகங்களுக்கு எண் போடும் ரிஜிஸ்டரில் 11846 என்று எழுதினேன். ஆசிரியர், இல்லை. பெயர், கட்டடப் படங்கள். விலை, இலவசம். அன்றுதான் ஸ்டாம்ப் பேடில் புதுப் புட்டி மையைக் கவிழ்த்திருந்தேன். பேட் சொதசொதவென்று இருந்தது. அறுபத்திரண்டையும் முடித்துவிட்டு, கை கழுவி, தயிர் சாதம் சாப்பிட்டேன்.

இரண்டு மணிக்கு லைப்ரரியன் ராகேல் மேடம் வந்தார். ஆல்பத்தைத் திறந்தார். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று புரட்டப் புரட்ட அவர் கை வேகம் எடுத்தது.

"சூடாமணி, இது என்ன காரியம் செஞ்சே! இது நம்ம புக் அல்லடோ. ராஜையன் சாரோடது. கையால வரைஞ்சது. உலகத்துல இது ஒண்ணே ஒண்ணுதான் உண்டு."

"என் டேபிள்ல இருந்துதே மேடம்."

"நான்தான் வெச்சேன். பத்திரமா இருக்கட்டும்னு வெச்சேன்."

ஒரு துண்டுக் காகிதம் எழுதி வைத்திருக்கலாம். அதை நான் சொல்லவில்லை. எனக்கு மெமோ கொடுக்க வேண்டியவர் அவர். தனக்குத் தானே ஒன்று கொடுத்துக்கொள்ள மாட்டார்.

ராஜையன் பொதுப்பணித்துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மார்த்தாண்டத்துக்காரர். எழுபத்திரண்டு வயது. மனைவி இல்லை, பிள்ளை இல்லை, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தார். பதினோரு வருஷமாக இந்த ஊரில் யாரும் வரையாத கட்டடங்களாகத் தேடிப்போய் அளந்து வரைந்திருந்தார். அரண்மனை, கோவில் எல்லாம் கிடையாது. அரிசிக் குடோன். லாட்ஜ் மாடிப்படி. விழிஞ்ஞத்தில் வலை போட்டு வைக்கும் ஷெட். பழவங்காடியில் பிள்ளையாருக்கு உடைக்கத் தேங்காய் விற்கும் கடை. சென்னையில் கட்டடக்கலைப் புத்தகங்கள் போடும் ஒரு அறக்கட்டளை இதை அச்சிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தது. அவர்கள் ஆட்கள் வந்து பார்ப்பதற்காகத்தான் ஆல்பத்தை ராகேல் மேடத்திடம் கொடுத்து வைத்திருந்தார்.

மறுநாள் காலை அவர் வந்தார். ஒல்லியான மனிதர், பொத்தான் எல்லாம் போட்ட வெள்ளைச் சட்டை. உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் மேஜைக்கு முன்னால் நின்றேன். அறுபத்திரண்டையும் பார்த்து முடிக்க அரை மணி ஆயிற்று. அவர் வரைந்தது சாதாரணப் பேனா மையில். என் மை அதில் ஊறி, இரண்டும் கரைந்து கலங்கிப்போயிருந்தன. வட்டத்துக்குள் கோடு எது, எழுத்து எது என்று ஒன்றும் தெரியவில்லை.

"ஒரு படத்தையாவது பாத்தியா மக்ளே?" என்றார்.

"இல்லை சார்."

"ஒண்ணுகூட?"

"இல்லை."

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கெடக்கட்டு" என்றார். எனக்கு வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்தது. வருத்தப்படுகிறவர்கள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்று யோசித்து, அப்படி வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் சென்னைக்காரர்கள் வந்தார்கள். படங்கள் பிடித்திருந்தன. ஆனால் முத்திரையோடு அச்சிட முடியாது என்றார்கள். மார்ச் முப்பத்தொன்றுக்குள் சுத்தமான பிரதி கைக்கு வந்தால் புத்தகம் உண்டு, இல்லையென்றால் அந்த வருஷப் பட்டியலில் வேறு புத்தகம் ஏறிவிடும்.

திரும்ப வரைவதென்றால் ஆல்பத்தை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். அங்கேதான் கூத்து. ரிஜிஸ்டரில் எண் விழுந்து சீலும் விழுந்துவிட்டால் அது அரசாங்கத்துச் சொத்து. ரிஜிஸ்டரிலிருந்து நீக்க வேண்டும் என்றால் மேலிடத்து உத்தரவு வேண்டும். ராகேல் மேடம் ஃபைல் அனுப்பினார். எப்போது திரும்பும் என்று ஃபைலுக்கே தெரியாது. அதுவரை அது கடனுக்குக் கொடுக்கப்படாத நூல். அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

"சார், யாரும் பாக்க மாட்டா. பையில போட்டு எடுத்துண்டு போயிடுங்கோ" என்று நானே சொன்னேன்.

"அது களவுல்லா" என்றார் ராஜையன். முப்பத்தாறு வருஷம் சர்க்கார் வேலை பார்த்தவர். தன் புத்தகத்தைத் தானே திருடச் சம்மதிக்கவில்லை.

ஆகவே தினமும் பத்து மணிக்கு வந்தார். நான் பீரோவைத் திறந்து ஆல்பத்தை எடுத்துக் கொடுப்பேன். அவர் எழுதிய புத்தகத்துக்கு அவரே சீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்குவார். ஜன்னலோர மேஜையில் டிரேசிங் ஷீட்டைப் பரத்தி வரைவார். ஐந்து மணிக்கு என்னிடம் திரும்ப ஒப்படைப்பார். ஒரு நாளைக்கு ஒரு படம்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ அவர் மேஜைப் பக்கம் போனேன். அரிசிக் குடோன் ஓடு ஓடாக எழும்பியிருந்தது. கீழே வாசலருகே மட்டும் ஒரு விரலளவு இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். பழைய படத்தில் என் ஊதா வட்டம் விழுந்திருந்த இடம்.

"இங்க என்ன சார் இருந்தது?"

அவர் பேனாவை வைத்தார். "ஒனக்குத் தெரியாதா? பட்டாபி சொல்லல்லியா?"

"என்ன சொல்லணும்?"

"அங்க பட்டாபிதான் நின்னாரு. எல்லாப் படத்துலயும் அவருதான்."

கட்டடப் படத்தில் ஒரு ஆளைப் போட்டால்தான் எவ்வளவு பெரிய கட்டடம் என்று பார்ப்பவருக்குப் புரியுமாம். ராஜையன் அதற்கும் மேலே போயிருந்தார். அவரிடம் ஏணி கிடையாது, நீளக்கோல் கிடையாது, இருந்தது ஒரு டேப்பும் என் கணவரும். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது பட்டாபி. உயரம் அளக்கவும் பட்டாபிதான். அவரைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, தெருவின் எதிர்ப்பக்கம் போய், ஒரு கண்ணை மூடிப் பென்சிலை நீட்டி, அவர் உயரத்தைப் பென்சிலில் குறித்துக்கொள்வார். பிறகு சுவரில் அது எத்தனை தடவை போகிறது என்று எண்ணுவார். குடோன் மூன்றரைப் பட்டாபி. தேங்காய்க் கடை ஒன்றே முக்கால் பட்டாபி. ஐந்தடி நாலு அங்குலத்தால் பெருக்கிக்கொள்வார். எல்லாம் முடிந்ததும் சுவரோரம் நிற்கிறவரைப் பார்த்து, நிற்கிற இடத்திலேயே, அங்குல உயரத்துக்கு வரைந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டாபி வெளியே கிளம்புவார். "ராஜையனோட" என்பார். அந்த ராஜையன் இவர்தான் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. சீட்டுக் கச்சேரி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மறைக்கிற மனுஷர் இல்லை. நான்தான் கேட்கவில்லை.

ஆல்பத்தை வாங்கி முதல் தடவையாகப் படங்களைப் பார்த்தேன். கீழே, தரை ஓரமாக, கோடு குறைவாக இருந்த இடமாகப் பார்த்துத்தான் அடித்திருந்தேன். அவர் நின்றதும் அங்கேதான். ஒன்றாவது தப்பியிருக்குமா என்று அறுபத்திரண்டையும் புரட்டினேன். ஒன்றிலும் தப்பவில்லை. வேலையில் நான் அவ்வளவு ஒழுங்கு.

வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். இப்போதாவது அழுகை வரும் என்று நினைத்தேன். பால்தான் பொங்கியது. அணைத்தேன்.

ஆனால் ஒன்று செய்தேன். கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஞாயிறும் விடுமுறையும் கழித்தால் மார்ச் முப்பத்தொன்றுக்கு அறுபத்திரண்டு முடியாது. ராகேல் மேடத்திடம் சாவி கேட்டேன். "சண்டே நீ வந்து திறப்பியா?" என்றார். வருவேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ராஜையனும் கரண்ட் மிச்சம் பிடிக்க ஒரே ஒரு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்போம். வேலாயுதனும் வந்துவிடுவார். "வீட்டுல இருந்தா ஓமனா தேங்கா பறிக்கச் சொல்லும்" என்று காரணம் சொன்னார். ஓமனா அவர் மனைவி.

மார்ச் இருபத்தாறு. கட்டடங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. அறுபத்திரண்டு ஷீட்டுகள், ஒவ்வொன்றிலும் தரையோரம் ஒரு விரலளவு ஓட்டை. இனி ஆள் மட்டும்தான். ஒரே நாளில் போட்டுவிடலாம் என்று ராஜையன் சொல்லியிருந்தார்.

பதினோரு மணிக்குப் பார்த்தேன், தனியாக ஒரு காகிதத்தில் வரைந்து வரைந்து, குறுக்கே கோடு போட்டு அடித்துக்கொண்டிருந்தார்.

"வரல்ல மக்ளே."

"எது சார்?"

"பட்டாபி வரல்ல. ஆளு வருது. ரோட்டுல போற எவனோ ஒரு ஆளு. அவரு நிக்கதுக்குன்னு ஒரு நிப்பு உண்டு. எல்லாப் படத்துலயும் அதே நிப்புதான். நான் அதைப் பாத்துப் பாத்து வரைஞ்சேனே தவிர மனசுல வெச்சு வரைஞ்சதில்ல. இப்ப கண்ணை மூடினா டேப்புதான் வருது." அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. அவரு எப்படி நிப்பாரு?"

"யாரையாவது போட்டுடுங்கோ சார். அங்குலம்தானே. யாருக்குத் தெரியப்போறது?"

"எனக்குத் தெரியும். இந்தப் புஸ்தகத்துல உள்ள ஒவ்வொரு அடியும் அவரு ஒடம்பால அளந்தது. ஏதோ ஒருத்தன நிறுத்தினா எல்லாக் கணக்கும் பொய்யாயிடும். அதுக்கு அச்சடிக்கவே வேண்டாம்."

பத்தொன்பது வருஷம் அவரோடு வாழ்ந்தவள் நான். செருப்பு சைஸ் ஏழு என்று தெரியும். காப்பியில் சர்க்கரை ஒன்றே கால் ஸ்பூன். வலது கடைவாய்ப் பல் சொத்தை. ரத்தம் பி பாசிட்டிவ். தூங்கும்போது இடது பக்கம் திரும்பிக்கொள்வார். எப்படி நிற்பார்? வாசலில் நின்றிருக்கிறார், ரேஷன் கடையில் நின்றிருக்கிறார், எனக்குப் பக்கத்திலேயே எத்தனையோ தடவை நின்றிருக்கிறார். முகம் வந்தது. கழுத்து வரைக்கும் வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை.

"தெரியலை சார்" என்றேன்.

மறுநாள் போட்டோக்களைக் கொண்டுபோனேன். கல்யாணப் போட்டோவில் உட்கார்ந்திருந்தார். கல்லூரி குரூப் போட்டோவில் எல்லோரும் ஜன கண மன பாடுகிற மாதிரி நின்றிருந்தார்கள். மூன்றாவது ஐடி கார்டு போட்டோ, அதில் நிற்பதற்கு இடமே இல்லை. ராஜையன் மூன்றையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். டிரேசிங் ஷீட்டுகளைச் சேர்த்து உருளையாகச் சுருட்ட ஆரம்பித்தார்.

"போட்டும். அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். அடுத்த வருஷம் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேனா பிடிக்கும்போது அவர் கை நடுங்குவதை மூன்று மாதமாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலாயுதன் அலமாரியில் தூசி தட்டிக்கொண்டிருந்தவர், தட்டுவதை நிறுத்தினார்.

"மாமி, எந்தா பிரஸ்னம்? ரெண்டு நாளா சார் ஒண்ணும் வரையல்லியே."

"பட்டாபி எப்படி நிப்பார்னு ஞாபகம் வரலை" என்றேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"பட்டாபி சாமியோ?" என்று சிரித்தார் வேலாயுதன். அவர்கள் இரண்டு பேரும் பதினெட்டு வருஷம் இதே அறையில் வேலை பார்த்தவர்கள். "சாமி இப்படித்தானே நிக்கும்."

தூசி தட்டும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அலமாரியின் முன்னால் போய் நின்றார். இடது காலில் பாரத்தைப் போட்டார். வலது காலைச் செருப்பிலிருந்து உருவி, அதே செருப்பின் மேல் வைத்துக்கொண்டார். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடது முழங்கையைப் பிடித்தார். தலையை வலது பக்கம் சாய்த்தார். அலமாரியில் நிற்கும் புத்தகங்களின் முதுகில் பெயர் வாசிக்கிறவர்கள் சாய்ப்பார்களே, அந்தச் சாய்ப்பு. இருபத்திரண்டு வருஷம் சாய்த்த தலை, தெருவிலும் வீட்டிலும் அப்படியே நின்றுவிட்ட தலை.

வேலாயுதன் கறுப்பு, பட்டாபி மாநிறம். வேலாயுதன் அரையடி உயரம் அதிகம், மீசை வேறு. அதெல்லாம் எனக்குத் தெரிகிறது. இருந்தாலும் அங்கே நின்றது என் புருஷன்தான். காப்பி கலந்தாயிற்றா என்று சமையலறை வாசலில் வந்து நிற்பாரே, நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் இதோ ஆச்சு என்பேனே, அந்த மனுஷன்.

ராஜையன் சத்தம் போடாமல் சுருளைப் பிரித்தார். மேல் ஷீட்டை எடுத்தார். பேனா ஓட ஆரம்பித்தது.

எனக்கு நெஞ்சுக்குள்ளே வலித்தது. பதினாறு மாதத்தில் முதல் தடவையாக வலித்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அழுகிறேன் என்பது ஜாக்கெட் நனைந்த பிறகுதான் தெரிந்தது. சத்தமாக அழுதேன். ராகேல் மேடம் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

"மாமி..." என்று வேலாயுதன் காலை நகர்த்தப் பார்த்தார்.

"அசையாதீங்கோ."

அவர் அசையவில்லை. அரை மணி, முக்கால் மணி இருக்கும். ராஜையன் ஷீட் ஷீட்டாக மாற்றிக்கொண்டே போனார். அரிசிக் குடோன் வாசலில், லாட்ஜ் மாடிப்படி அடியில், விழிஞ்ஞத்து ஷெட்டின் தூணருகே, தேங்காய்க் கடையில். பத்துப் படம் ஆனதும் பேனாவை மூடினார்.

"இனி எனக்குக் கை பழகிட்டு. நீ போய்ச் சோலியப் பாரு வேலாயுதா. கால் கடுக்கும்லா" என்றார்.

வேலாயுதன் செருப்பைத் தேடிக் காலை இறக்கினார்.

"வேண்டாம்" என்றேன் நான். "இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கோ."

வேலாயுதன் ராஜையனைப் பார்த்தார். பிறகு காலைத் திரும்பச் செருப்பின் மேல் வைத்து, முழங்கையைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து நின்றார். நான் நாற்காலியை அவருக்கு நேராகப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.